பேசினால் ஜாப் கார்டு: வடசென்னை சர்வீஸ் கடைகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் ஏசி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் பழுது பார்க்கும் கடையில் ஆபீஸ் வேலை என்னுடையது. எங்களிடம் 7 மெக்கானிக்குகள். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை, இந்தப் பக்கம் வியாசர்பாடி, கொடுங்கையூர் வரை வண்டி ஓட்டுகிறார்கள். வேலை முடிந்ததும் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவார்கள். அந்தப் பேச்சு எழுத்தாகி, ஜாப் சாஃப்ட்வேரில் அந்தந்த வேலையின் கீழ் போய் உட்காரும். இதை ஆரம்பித்ததிலிருந்து எங்கள் பையன்களும் பக்கத்துக் கடை முதலாளிகளும் ஆர்ஓ சர்வீஸ்காரர்களும் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். கேட்டவர் வாயில் வந்தபடியே கேள்விகளை எழுதியிருக்கிறேன்.

"இன்னாக்கா, நான் பேசுனா அதுவே பில் போட்டுக்குமா?"

போடாது. பில்லுக்கு வேண்டியதை எடுத்துவைக்கும், அவ்வளவுதான். நீங்கள் அனுப்பும் வாய்ஸ் நோட்டை ஒரு மென்பொருள் எழுத்தாக்கும். இன்னொன்று அந்த எழுத்தைப் படித்து, என்ன பழுது, என்ன ஸ்பேர் மாற்றினீர்கள், என்ன கேஸ் (குளிரூட்டும் வாயு), எவ்வளவு வாங்கினீர்கள், மறுபடி வர வேண்டுமா என்று பிரிக்கும். பிரித்ததை உங்களுக்கே திருப்பி அனுப்பி "இது சரியா?" என்று கேட்கும். நீங்கள் "சரி" பட்டனை அழுத்திய பிறகுதான் ஜாப் கார்டு (ஒவ்வொரு வேலைக்குமான விவரச் சீட்டு) நிரம்பும், ஸ்டாக்கில் கழியும், பில் வரைவு என் திரைக்கு வரும். பில்லை அனுப்புவது நான்தான்.

"இருபது வருஷமா நோட்டுலதானேம்மா எழுதுறோம். இப்ப என்ன கொறஞ்சு போச்சு?"

எழுதினால் ஒன்றும் குறையாது. யார் எழுதுகிறார்கள்? காலையில் கொடுத்த கார்டு ராத்திரி ஈரமும் எண்ணெயுமாகத் திரும்பி வரும். "சர்வீஸ் ஓகே" என்று இரண்டு வார்த்தை இருக்கும். தண்ணீர் அடித்துக் கழுவும் வெட் சர்வீஸ் செய்த கையால் பேனா பிடிக்க யாருக்கும் மனம் வராது, தப்பு சொல்ல முடியாது.

இதில் போன காசை நான் எண்ணூரில் பார்த்தேன். கடல் காற்றின் உப்பு அவுட்டோர் யூனிட்டின் காயிலை (கேஸ் ஓடும் குழாய்ச் சுருளை) அரித்துவிடும். ஒரு வீட்டில் ஒரே வருஷத்தில் மூன்று முறை கேஸ் அடைத்திருந்தோம். மூன்று முறையும் போனது வேறு வேறு ஆள். மூன்று பேருக்கும் காயிலின் அடிப்பக்கம் பச்சை பூத்திருப்பது தெரியும், வீட்டுக்காரரிடம் வாயால் சொல்லவும் செய்திருக்கிறார்கள். கார்டில் மட்டும் இல்லை. நாலாவது முறை அந்த அம்மா போனில் கத்தியபோது எனக்குப் பதில் சொல்ல வழியில்லை. இப்போது எங்கள் பையன் மாடியில் நின்று பேசும் 40 விநாடியில் "காயில் அரிச்சிருக்கு, இன்னொரு தபா கேஸ் அடிச்சா வேஸ்ட்டு" என்பதும் வந்துவிடுகிறது. அடுத்து போகிறவர் அதைப் படித்துவிட்டுத்தான் கிளம்புகிறார்.

"என்னென்ன வாங்கணும்? பெரிய கம்ப்யூட்டர் வேணுமா?"

வேண்டாம். நாலு சாமான். வாட்ஸ்அப் பிசினஸ் ஏபிஐயில் (ஒரு மென்பொருள் இன்னொன்றோடு பேசும் வழி) பதிந்த ஓர் எண். பேச்சை எழுத்தாக்கும் ஒரு சேவை. எழுத்திலிருந்து விவரம் பிரிக்கும் ஒரு மொழி மாடல். ஏபிஐ உள்ள ஒரு ஜாப் மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேர். ஜோஹோ எஃப்எஸ்எம் மாதிரி ஒன்றை எடுத்துக்கொண்டால், அதில் வொர்க் ஆர்டர் தனி, ஆள் போய்வரும் அப்பாயின்ட்மென்ட் தனி. இரண்டாவது விசிட் வரும்போது இந்தப் பிரிவு கை கொடுக்கும். வாங்குவதற்கு முன் சாஃப்ட்வேர் விற்பவரிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: "வெளியிலிருந்து ஏபிஐ வழியாக வேலையைத் திருத்த முடியுமா?" முடியாது என்றால் மீதி அழகெல்லாம் வீண்.

நடுவில் இவற்றைக் கோக்க ஒரு சின்ன புரோகிராம் வேண்டும். அதை எழுத ஆள் பிடிக்க வேண்டியிருக்கும். வாட்ஸ்அப் ஒரு வாய்ஸ் நோட்டுக்குத் தரும் டவுன்லோடு லிங்க் 5 நிமிடம்தான் உயிரோடு இருக்கும், அதற்குள் எடுத்துச் சேமிக்க வேண்டும் என்பது போன்ற சில்லறை விஷயங்கள் அந்த ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"ஏற்கெனவே ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கே. அதுலயே போட்டா ஆகாதா?"

நாங்களும் அங்கேதான் ஆரம்பித்தோம். குட்மார்னிங் படத்துக்கும் சம்பள அட்வான்ஸ் பேச்சுக்கும் நடுவே ஜாப் விவரம் தொலைந்துபோனது. க்யூஆர் ஸ்கேன் செய்து உங்கள் குரூப்பைப் படித்துக் கொடுக்கிறோம் என்று வரும் கருவிகள் வாட்ஸ்அப்பின் விதிக்குப் புறம்பானவை, எண்ணை முடக்கிவிடுவார்கள். இத்தனை வருஷம் கஸ்டமர் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் கடை நம்பரை அதற்குப் பணயம் வைக்காதீர்கள். ஏபிஐக்குப் புது நம்பர் எடுங்கள்.

"நம்ம பேச்சு அதுக்குப் புரியுமா? நாங்க பேசறது புக்குல கீற தமிழ் இல்லியே."

பாதி புரியும். மீதியை நாம் புரியவைக்க வேண்டும். ஓபன்ஏஐ 2022 செப்டம்பரில் வெளியிட்ட விஸ்பர் என்ற பேச்சை எழுத்தாக்கும் மாடல் தமிழ் எழுதும். கூகுளின் சேவையும் எழுதும். ஐஐடி மெட்ராஸில் உள்ள ஏஐ4பாரத் குழு இந்திய மொழிகளுக்கென்றே மாடல்களைத் திறந்த உரிமத்தில் தருகிறது. எதுவாக இருந்தாலும் செய்தி வாசிப்பது போன்ற தமிழை நன்றாக எழுதும். நம் பக்கத்துத் தமிழ் வந்தால் தடுமாறும். "கேஸ் கொஞ்சமாத்தான் கீது" என்று ஒருவர் பேசினார், எழுத்தில் "கீதா" என்று விழுந்தது. விவரம் பிரிக்கும் மாடல் அதை வாடிக்கையாளர் பெயர் என்று எடுத்துக்கொண்டது. ஒரு வாரம் எங்கள் கடைக்கு கீதா என்று நாலு கஸ்டமர் இருந்தார்கள். அந்த வீடுகளில் ஒன்றில்கூட கீதா இல்லை.

ஆகவே எந்த மாடல் உசத்தி என்று ஊராரைக் கேட்காதீர்கள். உங்கள் ஆட்கள் பேசிய 50 வாய்ஸ் நோட்டை எடுத்து, நீங்களே காதால் கேட்டுச் சரியாக எழுதி வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று சேவைகளில் ஓட்டிப் பாருங்கள். எழுத்துப்பிழையை எண்ண வேண்டாம். ஸ்பேர் பெயர், தொகை, கேஸ் வகை இந்த மூன்றும் எத்தனை நோட்டில் சரியாக வந்தன என்று மட்டும் எண்ணுங்கள். "கம்ப்ரஸர்" என்று வந்தால் என்ன, "கம்ரசர்" என்று வந்தால் என்ன, அதைச் சமாளிக்கலாம்.

"கண்டென்சர் மாத்துனேன்னுதான் சொன்னேன். காயில் வெல வந்துடுச்சு. மிஷினுக்கு இன்னா பைத்தியமா?"

இதில் மெஷின்மேல் தப்பே இல்லை. கெப்பாசிட்டரை நம் ஊர் எலெக்ட்ரீஷியன்கள் அந்தக் காலத்திலிருந்து கண்டென்சர் என்றுதான் சொல்கிறார்கள். ஃபேன் கண்டென்சர், மோட்டார் கண்டென்சர். ஏசி தொழிலில் கண்டென்சர் என்றால் அவுட்டோர் யூனிட்டில் இருக்கும் காயில். ஒன்று நூறு ரூபாய் சமாச்சாரம், மற்றது பல ஆயிரம். பேசியவருக்கும் கேட்டவருக்கும் குழப்பம் இருக்காது. எழுதியதற்குத்தான் குழப்பம்.

இந்த மாதிரி சொற்களுக்கு ஒரு பட்டியல் போட வேண்டும். எங்கள் முழு ஏற்பாட்டிலும் விலைமதிப்பானது அந்தப் பட்டியல்தான், சாஃப்ட்வேர் இல்லை. ஸ்டாக்கில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே, அதை எங்கள் 7 பேரும் என்னென்ன பெயரில் சொல்கிறார்கள் என்று எழுதினேன். சீனியர் ஒருவர் பிசிபியை (உள்ளே இருக்கும் எலெக்ட்ரானிக் பலகையை) "போர்டு" என்பார், இன்னொருவர் "கார்டு" என்பார். மூன்று ராத்திரி ஆனது. கண்டென்சருக்குத் தனி விதி: பேச்சில் எம்எஃப்டி என்ற கெப்பாசிட்டர் அளவு வந்தால் கெப்பாசிட்டர். பிரேஸிங் (குழாயைச் சூடாக்கி ஒட்டுவது), லீக், நைட்ரஜன் என்று வந்தால் காயில். இரண்டும் இல்லையென்றால் யூகிக்காதே, கேள். 2.5 எம்எஃப்டி காயில் உலகத்தில் இல்லை, அந்த அளவு புத்தியை அதற்கு நாம்தான் சொல்லித்தர வேண்டும்.

பட்டியலை எழுத்தாக்கும் மாடலிடமே கொடுத்துவிடலாமே என்று ஒரு டெவலப்பர் தம்பி கேட்டார். விஸ்பருக்கு முன்குறிப்பாகக் கொடுக்கக் கூடியது 224 டோக்கன் (மாடல் எழுத்தை உடைத்துப் படிக்கும் துண்டு). தமிழ் எழுத்து டோக்கனை வாரி விழுங்கும், கொஞ்சம் சொல்லிலேயே இடம் தீர்ந்துவிடும். அடிக்கடி தவறும் சொற்களை மட்டும் அங்கே வையுங்கள். முழுப் பட்டியலை விவரம் பிரிக்கும் இரண்டாவது கட்டத்தில் கொடுங்கள்.

"எப்டிப் பேசணும்? ஸ்கூல்ல ஒப்பிக்கிற மாதிரி வரிசையா சொல்லணுமா?"

வரிசை வேண்டாம். கதையாகவே சொல்லுங்கள், பிரிப்பது அதன் வேலை. ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றச் சொல்வேன். நம் பேச்சில் "இல்லை" என்பது கடைசி ஒரு அசையில் தொங்குகிறது. "கேஸ் போட்டன்", "கேஸ் போடல". வண்டிச் சத்தத்தில் அந்த "ல" காணாமல் போனால் போடாத கேஸுக்கு பில் போய்விடும். அதனால் செய்ததை "போட்டாச்சு" என்றும், செய்யாததை "போடவே இல்ல" என்றும் சொல்லும்படி பையன்களைப் பழக்கினேன். முதலில் சிரித்தார்கள். இப்போது வீட்டிலும் அப்படித்தான் பேசுகிறார்களாம், ஒருவர் மனைவி சொன்னார்.

"நம்பர்தான் சொதப்புது. தர்ட்டிடூன்னா டொன்டிடூன்னு எழுதுது."

எனக்கு இன்றைக்கும் முழு நம்பிக்கை வராத இடம் இது. ஒரே வாக்கியத்தில் "ஒன்ற டன்னு, தர்ட்டிடூ கேஸு, நூத்திருவது பிஎஸ்ஐ, ஆயிரத்தி எட்நூறு வாங்கிக்கினேன்" என்று தமிழும் இங்கிலீஷும் கலந்துதான் வரும். அதிலும் ஆர் 22, ஆர் 32 என்ற இரு கேஸ் வகைகளின் குழப்பம் சும்மா எழுத்துப்பிழை இல்லை. அடுத்து போகிறவர் கார்டை நம்பித் தவறான சிலிண்டரை எடுத்துக்கொண்டு போவார். ஆர் 32 லேசாகத் தீப்பிடிக்கும் வகை, பிரஷரும் அதிகம்.

நாங்கள் மூன்று தடுப்பு வைத்திருக்கிறோம். கேஸ் வகைக்கு மூடிய பட்டியல்: ஏசி என்றால் 22, 32, 410ஏ, ஃப்ரிட்ஜ் என்றால் 134ஏ, 600ஏ. வேறு எது விழுந்தாலும் கார்டு நிற்கும். இரண்டாவது, பிரஷரை வைத்து ஒப்பிடுவது. சாதாரண ஏசி ஓடும்போது சக்‌ஷன் பக்கம் (கம்ப்ரஸருக்குள் கேஸ் திரும்பும் பக்கம்) ஆர் 22க்கு சுமார் 60, 70 பிஎஸ்ஐ. ஆர் 32க்கு அது 120 பக்கம். "22" என்றும் "120" என்றும் ஒரே கார்டில் விழுந்தால் ஏதோ ஒன்று தப்பு, மெக்கானிக்குக்குக் கேள்வி போகும். இன்வெர்ட்டர் மாடலில் கம்ப்ரஸர் வேகத்துக்கு ஏற்ப பிரஷர் ஏறி இறங்கும், அதனால் அங்கே இதைக் கேள்வியாக மட்டும் வைத்திருக்கிறோம், கார்டை நிறுத்துவதில்லை. மூன்றாவது, சீரியல் நம்பரை யாரும் வாயால் சொல்லக் கூடாது. யூனிட்டில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படம் எடுத்து அனுப்பினால் போதும்.

"காசிமேடு ஐஸ் ஃபேக்டரில நின்னா நான் பேசறது எனக்கே கேக்காது. அது எப்டிக் கேக்கும்?"

கேட்காது. வெளியே வந்து பேசுங்கள். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பக்கத்தில் நின்றும் பேசாதீர்கள், சந்துக்குள் போய்விடுங்கள்.

சத்தத்தை விட மோசமானது மௌனம். பட்டனை அழுத்திவிட்டு கஸ்டமரிடம் பேசப் போய்விட்டால், விஸ்பர் மாதிரி மாடல்கள் காலி இடத்தில் தாங்களாகவே வாக்கியம் இட்டுக்கட்டும். "பார்த்தமைக்கு நன்றி" என்று ஒரு ஜாப் கார்டில் வந்தது. அது சிரித்துவிட்டு விடக்கூடியது. "ஃபில்டர் சுத்தம் செய்யப்பட்டது" என்று வந்திருந்தால் யாருக்குத் தெரியும்? அதனால் பேச்சில்லாத பகுதியை முதலிலேயே வெட்டிவிட்டுத்தான் எழுத்தாக்க அனுப்புகிறோம். விவரம் பிரிக்கும் மாடலுக்கும் கண்டிப்பான கட்டளை: சொல்லாததை நிரப்பாதே, காலியாக விடு.

"நெட்டு இல்லாத எடத்துல?"

பேசி வைத்துவிடுங்கள், சிக்னல் வந்ததும் தானாகப் போகும். ஆனால் மூன்று வேலையின் நோட்டு ஒரே நேரத்தில் வந்து விழும், வந்த நேரத்தை வேலை முடிந்த நேரம் என்று சாஃப்ட்வேர் எடுத்துக்கொள்ளக் கூடாது. "பதினொன்ற மணிக்கு முடிச்சேன்" என்று வாயால் சொல்லிவிடுங்கள்.

"ஒரே தெருவுல மூணு வூடு பாக்கறேன். எது எந்த வூட்டு நோட்டுன்னு அதுக்கு எப்டித் தெரியும்?"

முதலில் முகவரியை வைத்துப் பொருத்தப் பார்த்தோம். சென்னையில் அது நடக்காத காரியம். ஒவ்வொரு கதவிலும் பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று. ஒரு வீட்டின் பழைய எண் நாலு கதவு தள்ளி இன்னொருவரின் புதிய எண்ணாக இருக்கும். மெக்கானிக் ஒன்றைச் சொல்வார், கஸ்டமர் மற்றதைக் கொடுத்திருப்பார்.

இப்போது செய்வது சுலபம். காலையில் ஒவ்வொரு வேலையையும் தனித்தனி மெசேஜாக மெக்கானிக்குக்கு அனுப்புகிறோம். வேலை முடிந்ததும் அந்த மெசேஜை விரலால் இழுத்து, அதற்கு ரிப்ளையாக வாய்ஸ் நோட்டு போட வேண்டும். எந்த மெசேஜுக்கு இது பதில் என்ற அடையாளம் ஏபிஐயில் கூடவே வரும். குழப்பத்துக்கே இடமில்லை. இழுக்க மறந்தால், அவருடைய அன்றைய பாக்கி வேலைகளைப் பட்டனாகக் காட்டிக் கேட்கும். ஒரு மெசேஜில் 3 பட்டன்தான் வைக்க முடியும், அதற்கு மேல் இருந்தால் லிஸ்ட்.

இன்னொன்று. எதிராளி கடைசியாகப் பேசி 24 மணி நேரம் தாண்டிவிட்டால், முன்பே எழுதி ஒப்புதல் வாங்கிய டெம்ப்ளேட் மெசேஜைத்தான் வாட்ஸ்அப் அனுப்பவிடும். ஞாயிறு லீவு முடிந்து திங்கள் காலையில் எங்களுக்கு இது தட்டியது. இப்போது திங்கட்கிழமை எல்லோரும் வண்டி எடுப்பதற்கு முன் "வந்துட்டேன்" என்று ஒரு மெசேஜ் போடுகிறார்கள். வருகைப் பதிவும் ஆச்சு.

"கஸ்டமர் போன்ல சொல்ற கம்ப்ளைன்ட்டையும் இதுவே எழுதிக்கிட்டா நல்லா இருக்குமே?"

முடியும், ஆனால் இதைக் கடைசியில் செய்யுங்கள். சாதாரண போன் அழைப்பின் ஒலி வாய்ஸ் நோட்டைவிடத் தரம் குறைந்தது, எழுத்து இன்னும் சொதப்பும். ஆண்ட்ராய்டில் கால் ரெக்கார்டிங் ஆப்களுக்கு 2022 மே மாதம் கூகுள் பிளே கதவைச் சாத்திவிட்டது. கிளவுட் டெலிபோனி (இணையம் வழியாக அழைப்பை வாங்கும் சேவை) எண் எடுத்து, "இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது" என்று முதலிலேயே சொல்ல வேண்டும்.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது, அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. கஸ்டமர் பெயரும் நம்பரும் வீட்டு விவரமும் நம்மிடம் இருப்பதால் நமக்கும் அது பொருந்தும். எங்கள் வழக்கம்: கார்டு உறுதியானதும் 30 நாள் கழித்து ஒலியை அழித்துவிடுவோம். வீட்டில் யார் தனியாக இருக்கிறார்கள், சாவி எங்கே வைப்பார்கள் என்பதையெல்லாம் வாய்ஸ் நோட்டில் சொல்லவே கூடாது என்று பையன்களிடம் சொல்லியிருக்கிறேன்.

"எங்க பேச்ச வெச்சு எங்கள வேவு பாக்கத்தான இதெல்லாம்?"

இந்தக் கேள்வியை நேரடியாகக் கேட்டவர் ஒரே ஒருவர். மனதுக்குள் கேட்டவர்கள் ஆறு பேர். முதலாளி மேல் கோபம் வந்து ஒருவர் திட்டியதும் ஒருமுறை எழுத்தாகி வந்தது. நான் அழித்துவிட்டேன், யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் முதலாளியை உட்காரவைத்து ஒரு பேச்சு பேசினோம்: வாய்ஸ் நோட்டை மெக்கானிக்கைக் கண்டிக்கப் பயன்படுத்துவதில்லை, ஒலியை நானும் பேசியவரும் மட்டும் கேட்கலாம், முதலாளிக்கு எழுத்து மட்டும். இதை ஒப்புக்கொள்ளாத கடையில் இது ஓடாது. "சர்வீஸ் ஓகே" என்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போய்விடுவார்கள், நோட்டில் எழுதியது போலவே.

"மாசம் எவ்ளோமா ஆகும்?"

எழுத்தாக்குவது மலிவு. 7 பேர், ஆளுக்கு நாளைக்கு 5 வேலை, நோட்டுக்கு 40 விநாடி என்றால் 26 நாளில் சுமார் 600 நிமிடம். ஓபன்ஏஐயின் விஸ்பர் ஏபிஐ நிமிடத்துக்கு 0.006 டாலர், மொத்தம் நாலு டாலருக்குள். ஜாப் சாஃப்ட்வேரின் ஆள்கணக்கு சந்தாதான் பெரிய செலவு. அதைவிடப் பெரியது முதல் இரண்டு மாதம் என்னைப் போல ஒருவர் தினமும் உட்கார்ந்து திருத்துவது. அதை யாரும் கொட்டேஷனில் எழுதுவதில்லை.

"ஒரே பிசிபி ரெண்டு வாட்டி ஸ்டாக்குல கழிஞ்சிருக்கு. நான் ஒரு தபாதான் பேசுனேன்."

உண்மை, நீங்கள் ஒருமுறைதான் பேசினீர்கள். நம் பக்கத்திலிருந்து உடனே பதில் போகவில்லை என்றால் வாட்ஸ்அப் அதே தகவலை மறுபடி அனுப்பும். எழுத்தாக்கி முடியும்வரை காத்திருந்து பதில் சொன்னதால் இரண்டாவது நகல் வந்து, அதுவும் புது நோட்டாக ஓடிவிட்டது. வந்தவுடன் "கிடைத்தது" என்று சொல்லிவிட்டு வேலையை வரிசையில் போட வேண்டும். ஒவ்வொரு மெசேஜுக்கும் உள்ள ஐடியைக் குறித்துவைத்து, அதே ஐடி மறுபடி வந்தால் தூக்கிப்போட வேண்டும். உங்களுக்கு இதை எழுதிக்கொடுப்பவரிடம் முதல் நாளே கேளுங்கள்: "ஒரே நோட்டு இரண்டு முறை வந்தால் என்ன ஆகும்?"

"சரி பட்டன அமுக்காம வூட்டுக்குப் போய்ட்டா?"

ராத்திரி 8 மணிக்கு ஒரு நினைவூட்டல் போகும். அதற்கும் பதில் இல்லையென்றால் வரைவாகவே கிடக்கும், நான் காலையில் போன் செய்வேன். தானாக "சரி" ஆகிவிடும் வசதியை டெவலப்பர் தம்பி போட்டுத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன்.

"அது தப்பா எழுதி, நான் பாக்காம சரின்னு அமுக்கிட்டேன். கஸ்டமர் சண்டைக்கு வந்துட்டாரு. காசு யாருது?"

நடந்தது. 800 ரூபாய் என்று பேசியது 1,800 என்று எழுத்தாகி, பில்லும் போய்விட்டது. நானும்தான் பார்க்காமல் அனுப்பினேன். அந்த ஆயிரத்தைக் கடை திருப்பிக் கொடுத்தது, மெக்கானிக் சம்பளத்தில் கைவைக்கவில்லை. பிறகு திருப்பி அனுப்பும் மெசேஜின் உருவத்தை மாற்றினேன். முன்பு எட்டு வரி இருக்கும், தொகை ஆறாவது வரி. வெயிலில் நின்று எட்டு வரியை யார் படிப்பார்? இப்போது தொகையும் கேஸ் வகையும் மேலே முதல் வரியில் தனியாக வரும். 1,000 ரூபாய்க்கு மேல் போனால் "சரி" பட்டனே கிடையாது, தொகையை எண்ணால் தட்டி அனுப்ப வேண்டும். பையன்கள் இதற்கு முனகுகிறார்கள். முனகட்டும்.